கண்டக்டரின் பிள்ளைகள்

எங்கள் 1998-ஆம் வருஷத்துப் பிளஸ் டூ வகுப்பில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கண்டக்டர் என்றுதான் கூப்பிடுவோம். திருநெல்வேலிப் பக்கம் பாபநாசத்திலிருந்து வி.கே.புரம் வழியாக அம்பைக்கு (அம்பாசமுத்திரத்துக்கு) வரும் டவுன் பஸ்ஸில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஏற்றிவிட்டுத் தலையை எண்ணுவாள். ஒருத்தி குறைந்தாலும், "அண்ணாச்சி, ஒரு நிமிஷம், ஒரு பிள்ள ஓடியாருதா" என்று டிரைவரிடம் சொல்லி வண்டியை நிறுத்தி வைப்பாள். அவள் சொன்னால் டிரைவர்கள் நிறுத்துவார்கள். நம் பள்ளியில் அந்த வருஷம் படித்தவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று இதற்குள் தெரிந்திருக்கும். பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவள் பையன் இன்னும் பள்ளிக்கூடம் போகிறான். அவன் அப்பாவும் பெயர் போட வேண்டாம் என்றார்.

2018 புரட்டாசியில், 37 வயதில், மார்பகப் புற்றுநோயில் அவள் போய்ச் சேர்ந்தாள். மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு.

அவளுடைய அம்மா பீடி சுற்றியவர். அவளும் சுற்றுவாள். சாயங்காலம் பஸ் விட்டு இறங்கியதும் சொளவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். வரலாற்றுப் புத்தகம் எதிரே விரிந்து கிடக்கும். கை இலையை வெட்டித் தூளை வைத்துச் சுருட்டிக்கொண்டே இருக்க, வாய் பானிப்பட்டுப் போர்களின் வருஷத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். பக்கம் திருப்ப மட்டும் எங்களைக் கூப்பிடுவாள். மறுநாள் பீடிக்கடையில் கழிவு போக மிச்சத்துக்குத்தான் கூலி. அதனால் பேச்சு சுவாரசியத்தில்கூட அவள் சுருட்டு பிசகாது. அவள் அம்மாவிடம் பீடித் தொழிலாளர் அட்டை இருந்ததால் வருஷாவருஷம் படிப்பு உதவித்தொகை வரும். அதற்கான விண்ணப்பத்தை ஊரில் பாதி வீட்டுக்கு அவள்தான் நிரப்பிக் கொடுப்பாள்.

2003-இல் கல்யாணம். மாப்பிள்ளை கொத்தனார், ரொம்ப நல்ல மனிதர். நான் சிங்கப்பூர் வந்த பிறகு எங்களுக்குள் போன் பேச்சுதான்.

2016-இல் அவளுக்கு 35 வயது. குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. வலிக்கவில்லை. வலிக்காததுதான் வினை. நம் ஊரில் வலித்தால்தான் வியாதி. ஆனித் தேரோட்டம் முடியட்டும், பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப் போட்டுவிட்டாள். மார்பகப் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் முதலில் வலிப்பதில்லை என்பதை நம் வகுப்புப் பெண்கள் ஒவ்வொருத்தியும் தெரிந்துகொள்ள வேண்டும். நமக்கெல்லாம் 40 தாண்டிவிட்டது. ஊரில் இருப்பவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலே போதும். 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மார்பகத்தையும் கருப்பை வாயையும் அங்கே இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். வெட்கப்பட வேண்டாம், அந்த நர்ஸ்களும் நம் ஊர்ப் பெண்கள்தான்.

பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்து, ஆபரேஷனும் அங்கேயே நடந்தது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கைகொடுத்தது. அவளுக்கு வந்தது ஹார்மோன் மாத்திரைக்கும் கட்டுப்படாத வகை. இளவயதுப் பெண்களிடம் அதிகம் பார்க்கிற வகை, வேகமாகப் பரவக்கூடியது. மேற்கொண்டு எங்கே காட்டுவது என்று பேச்சு வந்தபோது அடையாறு என்றோம் பாதிப் பேர். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முன்னின்று 1954-இல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. ஆனால் சென்னை என்றால் நெல்லை எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி. திருவனந்தபுரம் என்றால் அரை நாளில் பிள்ளைகளைப் பார்க்க ஓடி வந்துவிடலாம். அவள் அதைத்தான் பார்த்தாள். கரண்ட் வைப்பதற்கு, அதாவது கதிர்வீச்சு சிகிச்சைக்கு, திருவனந்தபுரத்தில் மெடிக்கல் காலேஜ் பக்கம் ஒரு அறை எடுத்துத் தங்கினாள். திங்கள் முதல் வெள்ளி வரை கரண்ட், சனி ஞாயிறு லீவு. வெள்ளிக்கிழமை மத்தியானம் கரண்ட் முடிந்த கையோடு ரயில் ஏறிவிடுவாள். கீமோவில் அந்தச் சிவப்பு மருந்து ஏறிய வாரங்களில் சோறு இறங்கவில்லை. சொதியை மட்டும் சுடுசோற்றில் கரைத்துக் குடிப்பேன் என்று போனில் சொல்வாள். மறு வருஷம் நுரையீரலுக்குப் போய்விட்டது. அதற்குமேல் அந்த நாட்களை எழுத எனக்கு மனசில்லை.

அவள் போன பிறகு நம் வாட்ஸ்அப் குழுவில் பணம் வந்து குவிந்தது. சிங்கப்பூர், துபாய், மஸ்கட், டொரான்டோ என்று எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. அந்த மனசு பெரிது, நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவள் வீட்டுக்காரர் அந்தப் பணத்தைத் தொடவில்லை. "தங்கச்சி, எங்கையில பணம் தராதீங்க. பிள்ளைய படிப்புக்குன்னா நேரா கட்டிருங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் எங்களுக்கு வழி தெரிந்தது. அப்புறம் நடந்ததற்கெல்லாம் அம்பையில் இருக்கும் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்திதான் ஆணிவேர். பெயர் போடக் கூடாது என்று அவளும் சொல்லிவிட்டாள்.

அந்தத் தோழி முதலில் போய் நின்ற இடம் தபால் ஆபீஸ். 2015-இல் செல்வமகள் சேமிப்புத் திட்டம் வந்த புதிதில் நம் கண்டக்டர் மகள் பேரில் கணக்குத் தொடங்கியிருந்தாள். அப்போது வருஷத்துக்குக் குறைந்தது 1000 ரூபாய் கட்ட வேண்டும். பீடிக் காசிலிருந்து ஐம்பதும் நூறுமாகச் சேர்த்துக் கட்டிவந்திருக்கிறாள். வியாதி முற்றிய வருஷம் கட்டாமல் கணக்கு நின்றுவிட்டது. தோழி அந்த வீட்டுக்காரரைக் கையோடு கூட்டிப்போய், 50 ரூபாய் அபராதத்தோடு விட்ட தொகையைக் கட்டிக் கணக்குக்கு உயிர் கொடுத்தாள். குழுவில் வந்த பணத்தில் ஒரு பங்கு வருஷாவருஷம் அதில் ஏறியது. மகளுக்கு 18 வயதானதும், மேற்படிப்புக்கென்று அந்தக் கணக்கிலிருந்து பாதி வரை எடுக்கலாம் என்ற விதிப்படி எடுத்து நர்சிங் காலேஜுக்குக் கட்டினார்கள். ஃபீஸ் ரசீதை எனக்கு அனுப்பிய மகள் கீழே எழுதியிருந்தாள்: "இது அம்மா கட்டுனது சித்தி." நாங்கள் போட்ட பணம் அதில் எவ்வளவு என்பதெல்லாம் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். தெரிந்தும் அப்படி எழுதியதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவள் அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் 2022-இல் வந்த புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வருகிறது. பஸ், நோட்டுச் செலவு அதில் ஓடுகிறது.

2019 மாசியில் மகள் பெரியவள் ஆனாள். தாய் இறந்து வருஷம் திரும்பவில்லை, ஊரைக் கூட்டிச் சடங்கு வைக்க முடியாது. வீட்டோடு தண்ணீர் ஊற்றினால் போதும் என்றார் ஆச்சி, அப்பாவைப் பெற்ற ஆச்சி. ஆனால் தாய்மாமன் சீர்? நம் கண்டக்டர் ஒற்றைப் பிள்ளை. கூடப் பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. ஆச்சி ஒருநாள் தோழியிடம் இதைச் சொல்லி அழுதிருக்கிறார். அந்தப் பேச்சு குழுவுக்கு வந்தது. மறுநாளே நம் வகுப்புப் பையன்கள் (பையன்கள் என்ன, தலை நரைத்துவிட்டது) கூடிப் பேசிவிட்டார்கள். அம்பையில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவர், கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுபவர், பஸ் ஓட்டுபவர் எல்லாரும் வேட்டி சட்டையில் தட்டோடு போய் நின்றார்கள். தட்டில் பட்டுப் பாவாடை, தாவணி, வளையல், வெற்றிலை பாக்கு, பழம். துபாயில் இருப்பவன் மூக்குத்தி அனுப்பியிருந்தான். பெண்கள் உளுந்தங்களி கிண்டி எடுத்துப் போயிருந்தார்கள், கருப்பட்டியும் நல்லெண்ணெயும் தாராளமாக விட்டு. மேளம் இல்லை, பந்தல் இல்லை. வரிசையாக ஒவ்வொருவராக "மாமா வந்திருக்கேன்மா" என்று சொல்லித் தட்டை வைத்திருக்கிறார்கள். வீடியோவில் பார்த்தேன். அந்தப் பிள்ளை யாரை நிமிர்ந்து பார்ப்பது என்று தெரியாமல் ஆச்சியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து அவர்கள் அந்தப் பிள்ளைகளுக்கு மாமாக்கள். பேருக்கு இல்லை. கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்குப் போன் வாங்கிக் கொடுத்ததும், பையனுக்குச் சைக்கிள் பழக்கியதும், ஒரு மார்க் ஷீட்டில் இனிஷியல் தப்பாக வந்தபோது ஆபீஸ் ஆபீஸாக அலைந்ததும் அவர்கள்தான்.

முதல் வருஷம் போல இப்போது குழுவில் பேச்சு இல்லை. பத்துப் பன்னிரண்டு பேர் மாதாமாதம் கட்டுகிறோம். அது போதும். பிள்ளைகளுக்குப் பணத்தை விட வேறொன்று நம்மிடமிருந்து வேண்டியிருக்கிறது என்பது எனக்குப் பையன் மூலமாகத்தான் புரிந்தது.

அவன் அதிகம் பேச மாட்டான். அக்கா போனைக் கையில் கொடுத்தால் இரண்டு வார்த்தையோடு திருப்பிக் கொடுத்துவிடுவான். ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் அவனாகவே போனை வாங்கி, "சித்தி, அம்மாவுக்கு முடி எவ்ளோ நீளம்?" என்று கேட்டான். அவனுக்கு நினைவு தெரிந்த அம்மா, கீமோவில் முடி கொட்டித் தலையில் துண்டு கட்டிப் படுத்திருந்த அம்மா. அப்பாவைக் கேட்டால் அவருக்குத் தெரிந்தது 22 வயதுக்கு மேல் உள்ள மனைவி. அதுவும் சொல்ல வாய் வராமல் எழுந்து போய்விடுவார். ஆச்சிக்குத் தெரிந்தது மருமகள். அம்மாவைப் பெற்ற ஆச்சிக்கோ நினைவு தவறிவிட்டது, மகள் இறந்ததே அவருக்குத் தெரியாது. அவளுடைய பதினேழு வயது வரையிலான காலம் முழுக்க நம்மிடம்தான் இருக்கிறது. வேறு யாரிடமும் இல்லை.

"இடுப்புக்குக் கீழ வரும்டா, ரெட்டைச் சடை போட்டு மடிச்சுக் கட்டுவா" என்றேன். அவன் அக்காவிடம், "இடுப்புக்குக் கீழயாம்" என்று கத்திச் சொன்னது கேட்டது.

அதற்குப் பிறகுதான் எல்லாரையும் குரல் பதிவு போடச் சொன்னேன். 1992 நவம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி ஊருக்குள் வந்து ஒருத்தி வீட்டில் புத்தகம் பை எல்லாம் போனபோது, ஆறாம் வகுப்பில் இருந்த நம் கண்டக்டர் ராத்திரி விளக்கு வைத்து அவளுக்கு ஒரு பாட நோட்டு முழுக்க எழுதிக் கொடுத்ததை அந்தத் தோழியே சொன்னாள். படித்துறையிலிருந்து அக்கரைக்கு நீந்திப் போய் வருவாள் என்று ஒருவர். நெல்லிக்காயை உப்பு இல்லாமல் தின்னவே மாட்டாள், உப்புப் பொட்டலம் பையிலேயே இருக்கும் என்று இன்னொருத்தி. ஆண்டு விழாவில் அவள் ஆடியது கும்மியா கோலாட்டமா என்று இரண்டு பேர் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. மகள் எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில் எழுதி வருகிறாள், கும்மி கோலாட்டம் இரண்டையும் எழுதியிருக்கிறாள். அம்மாவுக்கு வியாதி கண்ட வயதையும் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறாள். அம்மாவுக்கு வந்த வயதுக்குப் பத்து வருஷம் முன்னாலேயே மகள் பரிசோதனை தொடங்க வேண்டும் என்று அவளுக்கு நர்சிங்கில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியென்றால் 25. "எனக்கு ஞாபகம் இருக்கு சித்தி, நீங்க பயப்படாதீங்க" என்கிறாள். தைரியத்தில் அம்மாவேதான்.

நோட்டில் ஒட்டப் படம்தான் இல்லை. பிளஸ் டூ குரூப் போட்டோ ஒன்று இருக்கிறது, அதில் அவள் முகம் பாதி மறைந்திருக்கிறது. ஆண்டு விழாவுக்கும் கன்னியாகுமரிச் சுற்றுலாவுக்கும் படம் எடுத்தவரிடம் காசு கொடுத்துப் பிரதி வாங்கியவர்கள் நம்மில் சிலர்தான். அவள் வாங்கவில்லை, அந்தக் காசுக்கு வீட்டில் வேறு வேலை இருந்தது. அதனால் 1996 முதல் 1998 வரை படித்தவர்கள் தயவுசெய்து பழைய ஆல்பங்களைப் புரட்டிப் பாருங்கள். ஓரத்தில் நின்றாலும் சரி, கூட்டத்தில் நின்றாலும் சரி, ரெட்டைச் சடை தெரிந்தால் ஸ்கேன் செய்து, நம் பள்ளி மலரைத் தயாரிக்கும் குழுவுக்கு அனுப்புங்கள், நான் சேர்ப்பித்துவிடுகிறேன். படம் இல்லாதவர்கள் நினைவில் இருப்பதைப் பேசி அனுப்பினாலும் போதும். பையன் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதுகிறான். பரீட்சை முடிந்த லீவில் அக்காவும் தம்பியுமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒட்டுவதாகத் திட்டம். அதற்குள் வந்து சேர்ந்தால் நல்லது.