இரும்புக் குண்டும் ஒற்றைச் சாளையும்

கல்லூரியில் முதலாண்டு கணிதம் படிக்கும் நான் குண்டு எறிதலுக்குப் போனதற்குப் பின்னால் பெரிய லட்சியம் எதுவும் கிடையாது. ஓடச் சொன்னார்கள், அரைச் சுற்றிலேயே மூச்சு வாங்கியது. சாடச் சொன்னார்கள், மணலை எட்டுவதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டேன். நின்ற இடத்தில் நின்றபடியே செய்யக்கூடிய விளையாட்டு ஏதேனும் உண்டா என்று உடற்கல்வி ஆசிரியையிடம் பணிவாகக் கேட்டபோது, அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அறையின் மூலையில் ஒட்டடையோடு கிடந்த இரும்புக் குண்டைக் கண்ணால் காட்டினார்.

கல்லூரியில் இருந்த அந்த ஒரே குண்டை வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதியில்லை. விலைக்கு வாங்கித் தாருங்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். கோட்டாற்றில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம், அதுவும் இருபத்தைந்து ஆண்டுகளாக இரும்பைக் கடைந்தே குடும்பம் நடத்துகிறவரிடம், இரும்புப் பந்தைக் கடையில் வாங்கச் சொல்வது எவ்வளவு பெரிய அவமதிப்பு என்பது கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. பெண்களுக்கான குண்டு 4 கிலோ இருக்க வேண்டும், அதன் விட்டம் 95 மில்லிமீட்டரிலிருந்து 110 மில்லிமீட்டருக்குள் அமைய வேண்டும் என்ற விதியை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போனார். நான்காம் நாள் சாயங்காலம் அரிசிச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். புதுச் சருவம் போலப் பளபளத்தது.

“நாலு கிலோ. ஒரு கிராம் கூடாது, குறையாது” என்றார். எங்கள் வீட்டில் அப்பா அதிகம் பேசுகிறவரல்லர் என்பதால், அவர் சொன்னதை நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அப்போது ஆடி மாதம். பூதப்பாண்டிப் பக்கத்தில் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்பதை அங்கே இருந்து அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகச் சீறிப் போகிற காற்று எங்கள் வீட்டு வாசற்கதவை ஒரு நாளைக்கு நூறு முறையாவது அறைந்து சாத்தும். ஆச்சி முதல் நாளே குண்டைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு கொல்லாங்கொட்டை உடைப்பது, வடகம் காயப்போட்ட துணி பறக்காமல் பாரம் வைப்பது, ஊறுகாய்ப் பரணியின் மூடியை அழுத்துவது என்று அதற்கு ஓயாத சோலி கிடைத்தது. பயிற்சிக்குப் போகும் நேரத்தில் நான் குண்டைத் தேடி வீடு முழுக்க அலைவேன். இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தால் அதுவே என்னைத் தேடி வந்து கால் பெருவிரலில் முட்டும்.

பயிற்சிக்கும் ஒரு காலம் வாய்த்தது. கன்னிப்பூ அறுவடை முடிந்து, கும்பப்பூவுக்கு உழவு போடுவதற்குள் கிடைக்கிற சில வாரங்கள் வயல் சும்மாதான் கிடக்கும். தாடகை மலையைப் பார்த்து நின்று, குண்டைக் கழுத்தோடு அணைத்து வைத்து, உந்தித் தள்ளுவேன். பெயரில்தான் எறிதல் இருக்கிறதே தவிர, குண்டைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் எறிந்தால் தவறு. தோளிலிருந்து தள்ளத்தான் வேண்டும். இதை ஆச்சிக்கு விளக்கியபோது, “பேரு எறிதல், எறிஞ்சா குத்தம். நல்ல வெளையாட்டு மக்ளே” என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஈர வயலில் விழுகிற குண்டு, ‘ளுப்’ என்று ஒரே ஒரு சத்தம் போட்டுவிட்டுச் சேற்றுக்குள் மறைந்துவிடும். விழுந்த இடத்தைக் கண்டுபிடித்து மண்வெட்டியால் தோண்டியெடுப்பது ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் தம்பியின் வேலை. ஒரு குண்டுக்கு ஒரு ரூபாய் என்று கூலி பேசியிருந்தான். நான்கு கொக்குகள் வரப்பில் நின்று, மண்ணைப் புரட்டும்போது புழு வருமா என்று அவனையே பார்த்துக்கொண்டிருக்கும். என்னைப் பார்க்க ஒரு கொக்குகூட வந்ததில்லை.

இனி மீன்கார அண்ணனிடம் வர வேண்டும். புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் காலை ஏழரை மணிக்கு இருசக்கர வண்டியின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு, ஒலிப்பானை அழுத்தியபடியே எங்கள் தெருவுக்குள் வருவார். தலைச்சுமையாக மீன் கொண்டுவந்த பாட்டியம்மா கூறு கட்டி விற்ற காலத்தில் ஆச்சிக்கு ஒரு சங்கடமும் இருந்ததில்லை. கூறைப் பார்த்துப் பேரம் பேசி, கடைசியில் கூடுதலாக இரண்டு மீனை அள்ளிப் போட்டுக்கொள்வார். இந்த அண்ணனோ மின்னணுத் தராசு வைத்திருந்தார். எண்களோடு பேரம் பேச முடியாதல்லவா? அந்தக் கோபம் ஆச்சிக்கு நீண்ட நாளாகவே உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தது.

ஒரு புதன்கிழமை, ஒரு கிலோ சாளை நிறுத்துக் கொடுத்த அண்ணனை, “கொஞ்சம் நில்லுப்பா” என்று சொல்லிவிட்டு ஆச்சி உள்ளே போனார். முந்தானையில் குண்டைத் தூக்கிக்கொண்டு வந்து தராசில் வைத்தார். தராசு சற்று நடுங்கி நின்று 4.110 என்று காட்டியது.

“இது நாலு கிலோ. எனக்க மவன் கடைஞ்சது. உனக்க தராசு நூத்திப்பத்து கிராம் கூட்டிச் சொல்லுகு” என்றார் ஆச்சி. அதாவது நான்கு கிலோ என்று அவர் தருகிற மீனில் அவ்வளவு குறைகிறது என்பது குற்றச்சாட்டு. அண்ணன் தராசின் பக்கவாட்டில் இருந்த அரசு முத்திரையைக் காட்டினார். ஆச்சி குண்டைக் காட்டினார். தெருவில் நான்கு வீட்டுப் பெண்கள் கையில் சட்டியோடு கூடிவிட்டார்கள். நான் கணித மாணவி என்ற முறையில் என்னிடம் நியாயம் கேட்கப்பட்டது. கிலோவுக்கு 27.5 கிராம் என்று நொடியில் வகுத்துச் சொன்னேன். வகுத்தது சரி, வகுப்பதற்கு முன்னால் யோசித்திருக்க வேண்டியதைத்தான் யோசிக்கவில்லை. அந்த எடைக்கு ஏறக்குறைய ஒரு சாளை வரும். “சரி ஆச்சி, வழக்கு வேண்டாம், கிலோவுக்கு ஒரு சாளை சேத்துப் போட்டுடுகேன்” என்று அண்ணன் இறங்கிவந்தார். அன்றிலிருந்து வாரம் இரு முறை, நிறுத்த மீன் சட்டியில் விழுந்த பிறகு, ஒற்றைச் சாளை தனியாக ஒன்று வந்து விழும். அதற்கு ஆச்சி ‘ஞாயச் சாளை’ என்று பெயர் வைத்து, பொரித்துத் தானே சாப்பிட்டார்.

அக்டோபர் மாதத்தில் கல்லூரிகளுக்கிடையேயான தடகளப் போட்டி பாளையங்கோட்டையில் நடந்தது. கல்லூரி அணியோடு போக வேண்டிய என்னை, “பொம்பளப்பிள்ள தனியா குண்டைத் தூக்கிட்டுப் போகாண்டாம்” என்று சொல்லிக் குடும்பமே கிளம்பி அழைத்துச் சென்றது. வடசேரியில் திருநெல்வேலிப் பேருந்தில் ஏறினோம். அம்மா புளிச்சோறும் அவித்த முட்டையும் ஏத்தங்காய் வற்றலும் கட்டியிருந்தார். குண்டு என்ற சொல்லைப் பேருந்தில் யாரும் உரக்கச் சொல்லக் கூடாது என்று நான் முன்கூட்டியே எச்சரித்திருந்தேன், காலம் அப்படி.

குண்டு இருந்த பையைத் தம்பி தன் காலடியில் வைத்துக்கொண்டு, தோவாளை தாண்டுவதற்குள் தூங்கிப்போனான். பையின் வாய் எப்போது திறந்ததென்று தெரியவில்லை. ஆரல்வாய்மொழியில் ஓட்டுநர் பிரேக்கை மிதித்தபோது, இருக்கைகளுக்கு அடியில் ஏதோ தேர் உருள்வது போலக் ‘கடகட’வென்று ஒரு சத்தம் முன்னோக்கிப் போனது. பேருந்து வேகமெடுத்தது; சத்தம் பின்னோக்கி வந்தது. என்னைக் கடந்து போகும்போது குனிந்து பிடிக்கப் பார்த்தேன். கையில் ஒரு பாட்டியின் வெற்றிலைப் பைதான் அகப்பட்டது. வரிசை வரிசையாகப் பயணிகள் கால்களைத் தூக்கினார்கள், அது கடந்த பின் இறக்கினார்கள், திரும்ப வரும்போது மீண்டும் தூக்கினார்கள். ஒரு பெரியவரின் எவர்சில்வர் தூக்குவாளியில் அது மோதியபோது கோயில் மணி அடித்தது போல இருந்தது. ஆச்சி என் எச்சரிக்கையை மறந்து, “ஐயோ, பிள்ளைக்க குண்டு போச்சே!” என்று கத்த, முன்னிருக்கையில் இருந்த ஒருவர் ஓடுகிற வண்டியிலேயே படிக்கட்டுக்குப் பாய்ந்தார். நல்லவேளையாக முப்பந்தல் வந்துவிட்டது. இசக்கியம்மனைக் கும்பிடுவதற்காக ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். குண்டும் உருண்டு போய் அவருடைய கியர்க் கம்பியின் அருகே பக்தியோடு நின்றது.

“இது ஆருக்க சாதனம்?” என்று கேட்டார் ஓட்டுநர், திரும்பிப் பார்க்காமலே. அப்பா எழுந்து போய் ஒன்றும் பேசாமல் தூக்கிக்கொண்டு வந்தார். மீதிப் பயணம் முழுவதும் அது ஆச்சியின் மடியில், கைக்குழந்தையைப் போல இருந்தது. சன்னலுக்கு வெளியே காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. பேருந்துக்குள் எல்லோரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மைதானத்தில் சொந்தக் குண்டு கொண்டுவந்தவர்கள் அதை நிறுத்துக் காட்ட வேண்டும். மேசை மேல் இருந்த தராசில் நடுவர் வைத்தார். 4.110. “கூடுதலா இருக்கேம்மா, இதையா போடப்போற?” என்று கேட்டார். எனக்குப் பின்னால் நின்ற ஆச்சி, “கள்ளத் தராசு திருநெல்வேலி வரைக்கும் வந்துட்டு பாத்தியா!” என்று அம்மாவிடம் சொன்னது அவர் காதிலும் விழுந்தது. நான் எதுவும் பேசாமல் அவர்களுடைய குண்டையே வாங்கிக்கொண்டேன். 110 கிராம் குறைந்ததால் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைப்பீர்கள். இரண்டு மாதமாகப் பழகிய பாரம் கையில் இல்லாததால், முதல் வீச்சு குறித்த எல்லைக் கோட்டுக்கு வெளியே, இடப்புறமாகப் போய் விழுந்தது.

இரண்டாவது வீச்சு என் வாழ்நாளிலேயே சிறந்த வீச்சு. குண்டு கையை விட்டுப் போன விதத்திலேயே தெரிந்துவிட்டது. 2.135 மீட்டர் விட்டமுள்ள அந்த வட்டத்தைவிட்டு, குண்டு விழுந்த பிறகு, பின்பாதி வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்பது விதி. ஆனால் தம்பி கூட்டத்திலிருந்து, “அக்கா, ஒம்பது மீட்டர்!” என்று கூவினான், நான் தடுப்புப் பலகையைத் தாண்டி முன்பக்கமாகவே அவனை நோக்கி ஓடினேன். சிவப்புக் கொடி உயர்ந்தது. மூன்றாவது வீச்சில் பயந்துபோய் அசையாமல் நின்று தள்ளியதில் 8.41 மீட்டர் கிடைத்தது. முதல் எட்டுப் பேருக்கு மட்டும் மேலும் மூன்று வாய்ப்புகள் உண்டு. நான் ஒன்பதாவது. எட்டாவதாக வந்த பெண் 8.45.

1987இல் நத்தாலியா லிசோவ்ஸ்கயா 22.63 மீட்டர் தள்ளிப் படைத்த உலக சாதனை இன்னும் அப்படியே நிற்கிறது என்றும், அதை முறியடிக்கும் எண்ணம் எனக்கு உடனடியாக இல்லை என்றும் அம்மாவிடம் சொன்னேன். “முதல்ல அந்த நாலு சென்டிமீட்டரப் பாரு” என்றார் அம்மா.

திரும்பும் வழியில் தம்பி அல்வா கேட்டான். ஒரு கடையில் அரைக் கிலோ நிறுக்கச் சொல்லிவிட்டு, ஆச்சி கடைக்காரரிடம், “ஐயா, இதையும் ஒருக்க நிறுத்துச் சொல்லுங்களேன்” என்று மடியிலிருந்து குண்டை எடுத்து நீட்டினார். கடைக்காரர் பெருந்தன்மையான மனிதர். காரணம் கேட்காமல் தட்டில் ஒரு வாழையிலைத் துண்டைப் போட்டு அதன்மேல் வைத்தார். இலையின் எடையைக் கழித்துக்கொள்ளும் பொத்தானை அவர் முன்பே அழுத்தியிருந்தார். 4.110.

மூன்று தராசு. மூன்று ஊர். ஆச்சி மெல்லத் திரும்பி அப்பாவைப் பார்த்தார். அப்பா அல்வாவைப் பார்த்தார்.

பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் வெளிவந்தது. 4 கிலோ இரும்புக்கு விட்டம் 99 மில்லிமீட்டர் என்றுதான் அப்பாவின் கணக்கு வந்திருக்கிறது. “99 என்ன 99, முழுசா 100 இருக்கட்டும்னு விட்டுட்டேன். ஒரு மில்லிமீட்டர்தானே” என்றார். கோளத்தின் எடை விட்டத்தின் முப்படிக்கு ஏற்ப ஏறும் என்பதால், அந்த ஒரு மில்லிமீட்டர் நூறு கிராமுக்கு மேல் விழுங்கும். தாளை எடுத்துப் போட்டுப் பார்த்தேன், 4.110 அப்படியே வந்தது. இதைக் கணித மாணவி இரண்டு மாதம் முன்பே போட்டிருக்கலாமே என்று தம்பி கேட்டான். அவனுக்குக் குண்டுக் கூலி பாக்கியிருந்ததை அப்போது நினைவூட்டி வாயை அடைத்தேன். ஆச்சி மட்டும் வள்ளியூர் வரை விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். “பதினெட்டு” என்றார் கடைசியில், யாரிடமும் இல்லாமல்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒலிப்பான் சத்தம் கேட்டதும் ஆச்சி முந்திரிக்கொத்து நிறைந்த ஒரு தூக்குப்பாத்திரத்தோடு வாசலில் நின்றார். “பிள்ளைகளுக்குக் கொடுப்பா” என்று நீட்டினார். குண்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அண்ணன் திகைத்துப்போய் வாங்கி வண்டியில் மாட்டிக்கொண்டு, ஒரு கிலோ சாளையை நிறுத்துச் சட்டியில் போட்டார். பிறகு வழக்கம்போல ஒன்றை எடுத்தார்.

“அது வேண்டாம்ப்பா” என்றார் ஆச்சி.

“அது எப்படி ஆச்சி? ஞாயம்னா ஞாயம்” என்று சொல்லி, சட்டிக்குள் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார் அண்ணன்.

ஆச்சி அந்தச் சாளையை வாலைப் பிடித்துத் தூக்கிச் சற்று நேரம் பார்த்தார். பிறகு, கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த குண்டின்மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த பூனையின் முன்னால் கொண்டுபோய் வைத்தார்.