அரையாண்டு லீவுக்கு மஞ்சள், செம்பருத்தி, உப்பு

அரையாண்டு விடுமுறைக்குப் புது கலர் பெட்டி வாங்கும் முன் அடுக்களையை ஒரு சுற்றுப் பாருங்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் தாங்களே கரைத்து, கசக்கி, தேய்த்து எடுத்த நிறத்தை விட்டு லேசில் எழ மாட்டார்கள். படம் எப்படி வந்தாலும் சரி, நிறம் தயாரிக்கும் வேலையை மட்டும் பெரியவர்கள் கையில் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் மஞ்சள். கால் கப் வெந்நீரில் 2 டீஸ்பூன் மஞ்சள்தூளைக் கலந்து, டிராயிங் நோட்டுத் தாள் முழுக்கத் துணியால் பூசச் சொல்லுங்கள். வழவழப்பான சார்ட் வேண்டாம், ஒட்டாது. மஞ்சள் தண்ணீரில் சரியாகக் கரையாமல் அடியில் தங்கும் என்பதால், ஒவ்வொரு முறை தொடும்போதும் கலக்க வேண்டும். தாள் ஃபேன் காற்றில் நன்றாகக் காயட்டும். ஈரமாக இருந்தால் அடுத்துப் போடும் கோடு ஊறிப் பரவும்.

இனி 3 டேபிள்ஸ்பூன் தண்ணீரில் 1 டீஸ்பூன் ஆப்ப சோடா. பஞ்சுக்குச்சியில் தொட்டு வரைந்தால், கோடு போன இடமெல்லாம் செங்கல் நிறமாக மாறும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அதே வேலைதான் இது. சுண்ணாம்பு, சோடா மாதிரியான காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். ஆனால் சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையில் தராதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து. சிவந்த கோட்டின் மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் மறுபடி மஞ்சளாகும். சோடா கொஞ்சம் கெட்டியாகப் படிந்த இடத்தில் நுரைத்துக்கொண்டு சத்தமும் வரும். காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்கச் சொல்லுங்கள்.

நிறம் மாறவில்லையா? பெரும்பாலும் ஆப்ப சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடர் போட்டிருப்பீர்கள். அதில் அமிலமும் கலந்திருப்பதால் மஞ்சள் அசையாது. சட்டையில் கறை பட்டு, சோப்புப் போட்டதும் சிவந்தால் பதற வேண்டாம். அலசி நல்ல வெயிலில் காயப்போட்டால் மங்கிவிடும். அதே காரணத்தால் படத்தை வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள்.

அடுத்து செம்பருத்தி. ஐந்தாறு சிவப்புப் பூவின் இதழ்களை மட்டும் கிள்ளி, அரை கப் வெதுவெதுப்பான நீரில் கையாலேயே கசக்க வேண்டும். கொழகொழவென்று வரும். சில பிள்ளைகளுக்கு அது துளியும் பிடிக்காது, கட்டாயப்படுத்தாதீர்கள். ஜிப் கவரில் போட்டு மேலிருந்து பிசையக் கொடுங்கள், பக்கத்தில் ஈரத்துணி ஒன்றும் இருக்கட்டும். வடிகட்டிய சாற்றைத் தாளில் பூசி, எலுமிச்சை தொட்டால் அழுத்தமான இளஞ்சிவப்பு, சோடா தொட்டால் பச்சை. சங்குப்பூ கிடைத்தால் இன்னும் அழகு: நீலம் எலுமிச்சையில் ஊதாவாகும்.

கடைசியாக உப்புக் கோலம். மார்கழிக்கு ஏற்றது. தட்டில் 4 டேபிள்ஸ்பூன் தூள் உப்பைப் பரப்பி, கலர் சாக்பீஸைப் படுக்கவைத்து உள்ளங்கையால் உருட்டி உருட்டித் தேய்க்கச் சொல்லுங்கள். நறநறவென்ற சத்தத்தோடு உப்பில் நிறம் ஏறும். ஃபுட் கலர் சொட்டுகள் வேண்டாம். மழை ஈரத்தில் அவை காயாமல் உப்பு கட்டிதட்டிவிடும். அரிசி மாவும் ரவையும் எறும்பைக் கூட்டிவரும், உப்புக்கு அந்தத் தொல்லை இல்லை. கையில் கீறல் இருக்கிறதா என்று மட்டும் முன்பே பாருங்கள், எரியும்.

அட்டையில் புள்ளி வைத்து, பசையால் ஒரு சிக்கு மட்டும் இழுத்து உடனே உப்பைத் தூவி, அட்டையைச் சாய்த்துத் தட்ட வேண்டும். கோலம் முழுவதற்கும் ஒரேயடியாகப் பசை போட்டால், தூவுவதற்குள் பாதி காய்ந்திருக்கும். மிஞ்சிய உப்பைச் செடித்தொட்டியில் கொட்டாதீர்கள், செடி கருகிவிடும்.