கப்பலில் பிள்ளை குடித்தால் யார் பொறுப்பு?

சுற்றிலும் கடல், எங்கே போய்விடப் போகிறார்கள் என்று சொல்லிப் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளை நடு ராத்திரி வரை தம் போக்கில் விட்டுவிடுகிற பெற்றோரை க்ரூஸ் கப்பல்களில் நிறையவே பார்க்கலாம். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. பெரிய கப்பல் என்றால் 5,000 பயணிகளுக்கு மேல், திரும்பிய பக்கமெல்லாம் பார், விடிய விடியக் கூத்து. கரையில் இப்படி ஓர் இடத்தில் பிள்ளையைத் தனியாக விடுவோமா?

சட்டதிட்டம் இல்லாமல் இல்லை. அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து கிளம்பும் கப்பல்களில் பெரும்பாலும் 21 வயது ஆனால்தான் மது, ஐரோப்பா ஆஸ்திரேலியா பக்கம் பல கப்பல்களில் 18. அறைக் கதவைத் திறப்பதற்கும் செலவுக் கணக்குக்கும் ஒரே அட்டைதான், அதைத் தேய்த்ததும் வயது தெரிந்துவிடும் என்பதால் சிறுவர்கள் நேராகப் போய் வாங்குவது கஷ்டம். அப்புறம் எப்படிக் கிடைக்கிறது? பெரியவர்கள் கையால்தான். அளவில்லாமல் குடிக்கலாம் என்கிற டிரிங்ஸ் பேக்கேஜை ஒருவர் எடுத்தால் அதே அறையில் இருக்கும் மற்ற பெரியவர்களும் எடுத்தாக வேண்டும் என்று பல நிறுவனங்களில் விதி. பகிர்ந்துகொள்வதைத் தடுக்கத்தான் அந்த விதி, ஆனால் குடிக்காத அத்தையின் அட்டையிலும் மது வாங்கலாம் என்று ஆகிவிடுகிறதே.

ஒரு பயணத்தில் நீச்சல் குளத்துப் பக்கம் பார்த்தேன். ஓர் அப்பா இரண்டு பியர் வாங்கி, ஒன்றைத் தன் மகனின் நாற்காலிக்கு அடியில் துண்டால் மூடி வைத்தார். பையனுக்கு மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. பார்டெண்டர் பார்த்தார், அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். தட்டிக் கேட்டால் புகார் வருமோ என்று அவருக்குப் பயம் இருந்திருக்கலாம். ஆனால் அந்த இடத்தில் தப்பு முதலில் அப்பாவுடையது, அடுத்து, கேள்வி கேட்கிற ஊழியருக்குத் துணை நிற்காத நிறுவனத்துடையது.

பெரிய ஆபத்து இதற்குப் பிறகுதான். மயங்கிக் கிடக்கும் நண்பனை அறையில் போட்டுவிட்டு, தூங்கினால் தெளிந்துவிடும் என்று மற்ற பிள்ளைகள் போய்விடுகிறார்கள். குடிப்பதை நிறுத்தின பிறகும் வயிற்றில் இருப்பது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். கடல் ஆட்டத்துக்குப் போடும் வாந்தி மாத்திரையும் போட்டிருந்தால் மயக்கம் இன்னும் கூடும். தட்டி எழுப்பினாலும் எழவில்லை, மூச்சுக்கு மூச்சு பத்து விநாடி இடைவெளி, உதடு நீலம், உடம்பு சில்லிட்டிருக்கிறது என்றால் காபியும் குளிர்ந்த தண்ணீரும் உதவாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தனியே விடாமல், உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். பால்கனியும் அப்படித்தான். 2010-இல் வந்த அமெரிக்கச் சட்டப்படி கைப்பிடி 42 அங்குல உயரம் இருக்க வேண்டும், சும்மா நிற்கிறவர் விழ மாட்டார். போதையில் இருக்கிற பிள்ளை அதன் மேலேயே ஏறும்.

தெரிந்தும் ஏன் கூப்பிடுவதில்லை? மாட்டிக்கொண்டால் அடுத்த துறைமுகத்தில் குடும்பத்தோடு இறக்கிவிடுவார்கள் என்ற பயம். கப்பலுக்கு அந்த அதிகாரம் உண்டு, அது பிள்ளைகளுக்கும் தெரியும். அமெரிக்காவில் பல மாநிலங்களில், உயிருக்கு ஆபத்து என்று உதவிக்கு அழைக்கிற சிறுவர் மீது குடித்த குற்றத்துக்காக நடவடிக்கை இல்லை என்று சட்டமே இருக்கிறது. கப்பல் நிறுவனங்களும் இதைத் தங்கள் விதியில் எழுதி, பதின்வயதினர் கிளப்பின் கதவிலேயே ஒட்ட வேண்டும். ஒவ்வொரு பயணியின் பிறந்த தேதியையும் கையில் வைத்துக்கொண்டு மது விற்கிறவர்கள், பெற்றோர் பொறுப்பு என்று ஒற்றை வரியில் கழன்றுகொள்வதை என்னால் ஏற்க முடியாது.

அதுவரை பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. முதல் நாள் சாயங்காலமே பிள்ளையை உட்கார வைத்து, யார் குடித்திருந்தாலும் சரி, நீயே குடித்திருந்தாலும் சரி, முதலில் கூப்பிடு, திட்டு அப்புறம் என்று சொல்லுங்கள். அறை போனில் இருக்கும் அவசர எண்ணைக் காட்டுங்கள். நடுக்கடலில் செல்போன் சிக்னலை நம்ப முடியாது, அதனால் ராத்திரி நீங்கள் எந்த டெக்கில் இருப்பீர்கள் என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கள்.