லெந்து நாட்குறிப்பு, வேலூர்

மார்ச் 9, ஞாயிறு

லெந்து காலத்தின், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின், முதல் ஞாயிறு. ஆயர் பைபிளிலிருந்து 1 கொரிந்தியர் 13ஐ, அன்பைப் பற்றிய அதிகாரத்தை, எடுத்தார். கல்யாண ஆராதனைகளில் கேட்டுக் கேட்டுப் பழகியது. ஆனால் அப்போஸ்தலன் பவுல் அதை எழுதியது மணமக்களுக்கு அல்ல, கொரிந்து பட்டணத்தில் கட்சி கட்டிச் சண்டை போட்ட ஒரு சபைக்கு. கொரிந்தியருக்கு ஆவியின் வரங்களில் குறைவே இல்லை. அந்நியபாஷை, தீர்க்கதரிசனம், எல்லாம் இருந்தது. அப்படிப்பட்டவர்களைத்தான் மூன்றாம் அதிகாரத்தில் குழந்தைகள் என்கிறார். இயேசுவை நினைவுகூரும் கர்த்தருடைய பந்தியிலேயே ஒருவன் பசியாயிருக்க, இன்னொருவன் குடித்து வெறித்திருந்தான். அன்பு "தற்பொழிவை நாடாது", அதாவது தன் நலத்தைத் தேடாது என்றவர், அதே அதிகாரத்தில் "குழந்தைக்கேற்றவைகளை ஒழித்துவிட்டேன்" என்கிறார். எனக்கு, நமக்கு என்று பிடித்துக்கொள்வது போகாதவரை விசுவாசி வளரவில்லை. வேறு எப்படி வாசிப்பது என்று தெரியவில்லை.

மார்ச் 12, புதன்

வீட்டு ஜெபக்கூட்டத்தில் வாலிபத் தம்பி ஒருவன் கேட்டான்: "எத்தனை வருஷம் ஆனா முதிர்ச்சி வரும்ணா?"

நம் ஊர் டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றிச் சொன்னேன். 1954இல் கார் விபத்து. இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டது. அப்போது அவர் இளம் டாக்டர். தன் துக்கத்தோடு ஒதுங்கியிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அப்புறம் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்தார். வேலூர் பாகாயத்தில் 1966இல் தொடங்கிய மறுவாழ்வு மையம் அவர் உழைப்பில் வந்தது. வருஷக் கணக்கைப் பற்றித் தம்பி அப்புறம் கேட்கவில்லை.

மார்ச் 15, சனி

சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடும் அக்கா ஒருவர் எங்கள் சபையில் இருக்கிறார். இந்த வாரம் வங்காளத்திலிருந்து ஒரு குடும்பம். மகனுக்கு சிகிச்சை, கூட வந்த அம்மாவால் படி ஏற முடியவில்லை. அக்கா தன் கீழ்வீட்டு அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, மாடியில் ஷீட் போட்ட அறைக்குப் போய்விட்டார். வாடகை அதேதான்.

மதியம் போனேன். குழைய வடித்த சாதம், மிளகாய் போடாத பருப்பு. தூக்குவாளியை ஈரத்துண்டால் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தார்.

"மேல அனல் அடிக்குமேக்கா?"

"அந்தம்மாவுக்கு முட்டி வலிப்பா. நமக்கு என்ன, ராத்திரி காத்து வருது."

வேலூரில் எங்கே காற்று! இவர் சபையில் எழுந்து தன் விசுவாச அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. பவுல் சொன்ன வளர்ச்சி இவரிடம் இருக்கிறது.

நாளை ஆராதனை முடிந்ததும் எங்கள் டேபிள் ஃபேனைக் கொண்டுபோக வேண்டும். மேலே பிளக் பாயின்ட் இல்லையாம். நீளமான ஒயர் வாங்க வேண்டும்.