கருவேலம் பிசினின் சூடான் சொந்தம்

சின்ன வயசில் கண்மாய்க்கரை கருவேல மரத்தில் பிசின் பிய்த்து மென்றிருக்கிறேன். தேன் நிறம், ஓரத்தில் மரப்பட்டைத் துணுக்கு. அதன் சொந்தக்கார மரம்தான் சூடானின் ஹஷாப். மழை ஓய்ந்து இலை உதிரும்போது பட்டையை லேசாகக் கீறி உரிப்பார்கள். சில வாரத்தில் அந்தக் காயத்தில் பிசின் உருண்டையாகத் திரண்டு நிற்கும். மரத்தை வெட்டத் தேவையில்லை. வேரும் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மிட்டாய், குளிர்பான லேபிளில் 'ஈ414' என்ற சேர்மான எண் இருந்தால் அது இந்தப் பிசின்தான். சூடானுக்குத் தடை போட்ட அமெரிக்காவே இந்தப் பிசினுக்கு விலக்கு கொடுத்தது, அவ்வளவு தேவை! 2023 ஏப்ரலில் சூடானில் தொடங்கிய போர், இந்த மரங்கள் வளரும் கொர்டோஃபான் பகுதியின் தோப்புகளையும் விடவில்லை. பாடுபட்டுப் பிசின் எடுக்கிறவர்கள் அதைச் சந்தைக்குக் கொண்டுபோக உயிரைப் பணயம் வைக்கிறார்கள். நினைத்தாலே மனசு ஆறவில்லை.