ரொக்கிக்கு ஓய்வு கிடைத்த கதை

வேலை ஓய்ந்த காவல் நாயை எடுத்து வளர்க்க யாராவது யோசித்தால், நான் பட்ட அலைச்சலைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நான் எதையெதையோ தேடி ஓடினேன், தேட வேண்டியது வேறு இடத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

ரொக்கி எட்டு வயது அல்சேஷன். திருகோணமலையில், நிலாவெளிப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் இரவுக் காவல். பின்னங்கால் இழுக்கத் தொடங்கியதும் காவல் நிறுவனம் அவனை நிறுத்திவிட்டது. அந்த இனத்துக்கு இடுப்பு மூட்டு வருத்தம் அடிக்கடி வரும். "விருப்பமென்றால் கொண்டுபோங்கோ" என்றார் மேற்பார்வையாளர். நானும் அன்றைக்கே கொண்டுவரலாம் என்று உவர்மலையிலிருந்து ஓட்டோ பிடித்துப் போனேன்.

போனால், நாய் அவர்களுடைய பொருட்பதிவேட்டில் இருக்கிறதாம். திறந்து காட்டினார். ரோர்ச்லைட், மழைக்கோட்டு, அதற்குக் கீழே "நாய் 1". கொழும்பிலிருந்து அந்த வரியை வெட்டிவிட்டுக் கடிதம் அனுப்பினால்தான் தர முடியும். சரி என்று திரும்பினேன். பத்து நாளில் கடிதம் வந்துவிட்டது, வாங்கோ என்றார்கள். அடுத்த நாளே ஓடினேன். அன்றைக்குப் போயா, பௌர்ணமி விடுமுறை. கந்தோர்ப் பூட்டில் கை வைத்த பிறகுதான் கலண்டர் ஞாபகம் வந்தது. அந்தப் பிழை முழுக்க என்னுடையது. மூன்றாம் முறை கடிதமும் கிடைத்தது, நாயும் கிடைத்தது. ஓட்டோக்காரத் தம்பி ரொக்கியைப் பார்த்துவிட்டு, வழி முழுக்கக் கழுத்தைத் திருப்பாமல் ஓட்டினார்.

அடுத்தது பதிவு. நாய்களைப் பதியும் சட்டம் இந்த நாட்டில் 1901ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் ஒருத்தரும் பதிந்ததாகத் தெரியவில்லை. எனக்கென்னவோ ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று ஆசை. பதிவுக் கந்தோர் லிகிதர் கடிதத்தை வாங்கினார், தலையை நிமிர்த்தவேயில்லை.

"முத்திரை எங்கே தம்பி?"

கையெழுத்து இருக்கிறதே என்றேன்.

"கையெழுத்து ஆரும் வைக்கலாம். விசர்நாய் ஊசி போட்ட அட்டை?"

அட்டை தொலைந்துவிட்டது என்று நிறுவனத்தில் சொல்லியிருந்தார்கள். பக்கத்து மேசைக்குப் போகச் சொன்னார். பக்கத்து மேசை இவரிடமே திருப்பி அனுப்பியது. அதற்குள் சாப்பாட்டு நேரம். அட்டை கேட்டதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு குறையையும் காலையிலேயே சொல்லியிருந்தால் அரை நாள் லீவு மிஞ்சியிருக்கும்.

அட்டைக்காக நான்காம் முறை நிலாவெளிக்குப் போகாதீர்கள். மிருக வைத்தியரிடம் போங்கள். "போட்டதோ இல்லையோ என்று தேடுற நேரத்தில் இன்னொன்று போடலாம்" என்றார். பத்து நிமிடத்தில் ஊசியும் புது அட்டையும் முடிந்தது. உண்ணிக் காய்ச்சலுக்கு இரத்தமும் பார்த்தார், நல்ல காலம், இல்லை. முத்திரை குத்திய கடிதம் தபாலில் வந்தது. பதிவு எண்ணையும் என் தொலைபேசி இலக்கத்தையும் ஒரு சின்னத் தகட்டில் பொறித்து, அவனுடைய பழைய தோல் கழுத்துப்பட்டியில் நானே பெருமையாகக் கோர்த்துவிட்டேன்.

இந்தத் தகட்டுப் பெருமையை ஞாபகம் வைத்திருங்கள்.

உண்மையான கஷ்டம் நாய் வந்த முதல் இரவே தொடங்கிவிட்டது. ரொக்கி படுக்கவில்லை. மதிலோரமாக நடந்தான். கேற், கிணற்றடி, பின் மதில், திரும்பக் கேற். ஒவ்வொரு மூலையிலும் நின்று இரண்டு குரை. விடியும்வரை அதே சுற்று. ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, "உங்கட நாய்க்கு நித்திரையே வராதோ?" என்று கேட்டார். கட்டிப் பார்த்தேன், ஊளையிட்டான். வீட்டுக்குள் கூப்பிட்டால் தரைஓடு வழுக்கிக் கால் நான்கும் நான்கு பக்கம் போனது. மாபிளையே மிதித்திராத நாய். வாசலிலிருந்து விறாந்தைவரை சாக்கு விரித்துக் கொடுத்தேன், அதன் மேல் மட்டும் நடந்தான்.

அம்மாவுக்கு வேறு பயம். அவ வாயைத் திறந்தாலே ரொக்கி ஓடி வருகிறானாம். மீன்காரரிடம் "என்ன மீன்?" என்று கேட்டாவாம், கிணற்றடியிலிருந்து பாய்ந்து வந்து காலடியில் நின்றானாம். "தம்பி, இது என்னைக் கடிக்கத்தான் வருது." பயந்தாலும் சூடை மீன் குழம்பை ஊற்றிச் சோறு வைத்துவிட்டா. வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும் என்று வைத்தியர் சொன்ன பிறகு, மீனை முள் எடுத்துத் தனியாக அவித்தோம்.

கடற்கரைக்குக் கூட்டிப்போன காலையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் புள்ளிமான்கள் கடற்கரையிலும் ரோட்டிலும் மாடு மாதிரித் திரியும். ரொக்கி பாய்வான் என்று கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி வைத்திருந்தேன். ஒரு ஆண் மான் முன்னங்காலைத் தரையில் ஓங்கி உதைத்தது. களஞ்சியத்தைக் காத்த வீரன் என் பின்னால் வந்து ஒளிந்துகொண்டான்.

பன்னிரண்டாம் நாள், கண் சிவந்து, மேற்பார்வையாளருக்கு அழைத்துக் கத்தினேன். அவர் நாயைப் பார்த்துக்கொண்ட ஐயாவின் இலக்கத்தைத் தந்தார். நான் போன மூன்று முறையும் அந்த ஐயா நாய்க்கூட்டைக் கழுவிக்கொண்டுதான் நின்றார். போயா அன்றும் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை நான். கடதாசியோடு இருக்கிறவர்களிடம்தான் பேசினேன்.

முழுக்கக் கேட்டுவிட்டு அரைகுறைத் தமிழில் ஒன்றே ஒன்று கேட்டார்: "மாத்தையா, பெல்ட் கழட்டினதா?"

இல்லை. தகடு தொங்குகிறதே, எப்படிக் கழற்றுவேன்?

பட்டி போட்டால் டியூட்டி. விடியக் கழற்றினால் நித்திரை. ஆறு வருடமாக அதுதான் பழக்கமாம். பாவம், பன்னிரண்டு நாளாக ரொக்கிக்கு விடியவேயில்லை. அவனுக்குப் பழகிய சிங்களச் சொற்களும் சொல்லித் தந்தார். உட்கார "இந்தகன்ன". வா என்பதற்கு "என்ன". அம்மாவைக் கூப்பிட்டுத் தொலைபேசியைக் காதில் வைத்தேன். அவ கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் நாய் எழும்பி உட்கார்ந்தது.

அன்றிரவு பட்டியைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். ரொக்கி ஆணியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சாக்கில் மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்தான். விடிந்து வெயில் ஏறியும் எழும்பவில்லை. மூச்சு வருகிறதா என்று அம்மா இரண்டு தரம் போய்ப் பார்த்தா.

ஆகவே எடுக்கிறவர்கள் முதலில் அந்த நாய்க்குச் சோறு வைத்தவரைத் தேடுங்கள். ஒரு மணித்தியாலம் இருந்து எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், இலக்கத்தையும் வாங்குங்கள். முத்திரை, அட்டை எல்லாம் எப்படியும் கிடைக்கும்.

இப்போது பின்னேரம் ஆறு மணிக்கு அவனாகவே போய் ஆணிக்குக் கீழே நிற்கிறான். போட்டுவிடுகிறேன். கேற், கிணற்றடி, பின் மதில், ஒரே ஒரு சுற்று. திரும்பி வந்து கழுத்தை நீட்டுகிறான்.