மேடேறும்போது மட்டும் திசை மாறிய குளிர்காற்று

சில ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுப்பித்துவந்த என் பழைய காரில் இன்ஜின், பிரேக், பெயின்ட், இருக்கை என எல்லா வேலையும் முடிந்து, கடைசியாக ஏசியும் குளிரத் தொடங்கியபோது, இனிமேல் ஓட்டுவது மட்டுமே மிச்சம் என்று நினைத்தேன். முதல் மேட்டிலேயே அந்த நினைப்பு பொய்த்தது. சமதளத்தில் நடுத் திறப்புகள் வழியாக முகத்தில் அடித்துக்கொண்டிருந்த குளிர்காற்று, ஆக்சிலரேட்டரை ஆழமாக அழுத்தியதும் முன்கண்ணாடியின் அடிப்பக்கத்துக்குத் தாவியது. காலை எடுத்த சில நொடிகளில், ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி முகத்துக்கு வந்தது.

1970களின் தொடக்கத்தில் வந்த, ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் கொண்ட கார் அது. காற்று எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை டேஷ்போர்டுக்குள் இருக்கும் சிறு கதவுகள் தீர்மானிக்கின்றன; அவற்றை அசைப்பது மின்மோட்டாரோ கேபிளோ அல்ல, வேக்குவம், அதாவது இன்ஜினின் உறிஞ்சலால் உண்டாகும் குறைந்த காற்றழுத்தம். அக்காலத்துப் பெரிய கார்கள் பலவற்றில் இதுதான் வழக்கம். 1964 மாடல் காடிலாக் கார்களில் வந்த 'கம்ஃபர்ட் கன்ட்ரோல்' என்ற தானியங்கி ஏசிகூட, வெப்பநிலையை மின்சாரத்தால் அறிந்தாலும், கதவுகளை அசைக்க வேக்குவத்தையே நம்பியிருந்தது.

இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டருக்குக் கீழே, அந்தக் கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தம் குறைகிறது. நல்ல நிலையில் உள்ள பெட்ரோல் இன்ஜின் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல், ஓடும்போது வேக்குவம் கேஜ் ஏறத்தாழ 17 முதல் 21 அங்குலப் பாதரசம் (உறிஞ்சலை அளக்கும் அலகு) வரை காட்டும். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வோர் 1000 அடி உயரத்துக்கும் சுமார் ஓர் அங்குலம் குறையும். அந்த உறிஞ்சலை மெல்லிய குழாய்கள் சிறு தகர டப்பாக்களுக்குக் கொண்டுபோகின்றன. ஒவ்வொரு டப்பாவுக்குள்ளும் டயஃப்ரம் எனப்படும் ஒரு ரப்பர் சவ்வும் ஒரு ஸ்பிரிங்கும் உண்டு. ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள டயஃப்ரமை 15 அங்குல வேக்குவம் ஏறத்தாழ பத்து கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது, உள்ளங்கைக்குள் அடங்கும் அந்த டப்பாவின் மீது எனக்குத் தனி மரியாதையே வந்துவிட்டது.

வேக்குவம் இல்லாதபோது கதவை ஸ்பிரிங் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதுதான் முக்கியம். பழுதானாலும் ஓட்டுநருக்குச் சாலை தெரிய வேண்டும் என்பதற்காகப் பெரும்பாலான கார்களில் காற்று முன்கண்ணாடிக்கே போகும்படி அமைத்திருக்கிறார்கள். பல கார்களில் ஹீட்டர் வால்வும் அப்படித்தான்: வேக்குவம் இருந்தால்தான் மூடும், இல்லையென்றால் திறந்தே கிடந்து வெந்நீரை உள்ளே விடும். ஏசி சரியாகக் குளிரவில்லை என்று கேஸ் நிரப்பிக்கொண்டே இருப்பவர்கள், அந்த வால்வுக்குப் போகும் குழாயை ஒருமுறை தொட்டுப் பார்ப்பது நல்லது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் தவறான இடத்தில்தான் தொடங்கினேன். காற்றின் திசையை மாற்றும் சுவிட்ச்தான் கோளாறு என்று முடிவுகட்டி, அதை டேஷ்போர்டிலிருந்து பிடுங்கி, பின்னால் செருகியிருந்த குழாய்க் கொத்தைத் திருகிக் கழற்றி, சுத்தம் செய்து திரும்ப மாட்டினேன். இரண்டு வார இறுதிகள் போயின. மேடும் காற்றும் பழையபடியே இருந்தன.

உண்மையில் அறிகுறி தன் காரணத்தைத் தானே சொல்லிக்கொண்டிருந்தது. ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தினால் மேனிஃபோல்ட் வேக்குவம் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். அந்த நேரத்தைச் சமாளிக்கத்தான் வேக்குவத்தைச் சேமித்துவைக்கும் ஒரு டேங்கும், இன்ஜினுக்கும் அதற்கும் நடுவே ஓர் ஒருவழி வால்வும் வைத்திருக்கிறார்கள். (டீசல் இன்ஜினில் காற்றை அடைக்கும் திராட்டில் இல்லாததால் தனி வேக்குவம் பம்பு வேண்டும். 1976இல் அறிமுகமான மெர்சிடிஸ் டபிள்யூ123 டீசல் கார்களில் பிரேக் பூஸ்டர் மட்டுமல்லாமல் ஏறி இறங்கும் கதவுகளின் பூட்டும், சாவியைத் திருப்பினால் இன்ஜினை நிறுத்தும் அமைப்பும்கூட இதையே நம்பியிருப்பதால், கதவுப் பூட்டில் கசிவு வந்தால் இன்ஜின் அணைய மறுக்கும் விநோதம் அங்கே உண்டு.) சுவிட்ச் கெட்டிருந்தால் நின்றாலும் ஓடினாலும் கோளாறு ஒரே மாதிரி இருந்திருக்கும். மேட்டில் மட்டும் தெரிகிறது என்றால், சேமிப்பு நிற்கவில்லை என்று பொருள்.

டேங்கிலிருந்து உள்ளே போகும் குழாயில் 'T' வடிவ இணைப்பு ஒன்றைப் போட்டுக் கேஜை மாட்டினேன். ஐடிலிங்கில் முள் 18இல் அசையாமல் நின்றது. இன்ஜினை அணைத்தேன். பல நிமிடங்கள் நிற்க வேண்டிய முள், பத்து நொடிக்குள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது. ஒருவழி வால்வைக் கழற்றி வாயில் வைத்து ஊதியபோது இரு பக்கமும் தாராளமாகக் காற்றுப் போனது. உள்ளே இருந்த ரப்பர் வட்டு அப்பளம்போல் நொறுங்கியிருந்தது. புதியதை மாட்டும்போது எந்த முனை இன்ஜின் பக்கம் என்பதை ஊதிப் பார்த்தே உறுதி செய்துகொண்டேன். திருப்பி மாட்டினால் உள்ளே எதுவுமே வேலை செய்யாது.

இப்போது சிறு மேடுகளில் காற்று முகத்திலேயே நின்றது. நீண்ட ஏற்றத்தில் மட்டும், அரை நிமிடம் கழித்து மெல்ல நழுவியது. ஆகவே இன்னொரு கசிவு எங்கோ இருந்தது. வேக்குவம் கசிவைத் தேடச் சோப்புத் தண்ணீர் உதவாது, ஏனெனில் காற்று வெளியே வருவதில்லை, உள்ளே போகிறது, குமிழி எழாது. எரியக்கூடிய ஸ்பிரேயைச் சூடான இன்ஜின் மேல் அடித்துத் தேடும் பழக்கத்தை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். மேலும் டேஷ்போர்டுக்குள் இருக்கும் கசிவை அது காட்டவும் காட்டாது. கம்ப்ரசர் காற்றை உள்ளே செலுத்திப் பார்ப்பதும் ஆபத்து, டயஃப்ரம் கிழிந்துவிடும்.

கையால் அழுத்தும் வேக்குவம் பம்பும் பொறுமையும் போதும். குழாய்களின் நிறங்கள் ஐம்பதாண்டு வெப்பத்தில் வெளிறி, பச்சைக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாத நிலையில் இருந்ததால், கழற்றும் முன்பே ஒவ்வொன்றுக்கும் காகித டேப்பில் எண் எழுதி ஒட்டினேன். பிறகு சுவிட்ச் பக்கத்து முனையில் பம்பை மாட்டி, ஒவ்வொரு குழாயையும் 15 அங்குலத்துக்கு இழுத்து ஒரு நிமிடம் பார்த்தேன். முதல் நான்கும் அசையவில்லை. ஐந்தாவது, இரண்டு அறைகள் கொண்ட டப்பாவின் இரண்டாம் அறைக்குப் போவது. முள் கடிகார முள்போல் சீராக இறங்கியது.

டயஃப்ரம் கிழிந்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். அந்த டப்பாவை மாற்ற டேஷ்போர்டையே கழற்ற வேண்டும் என்பதால், அதற்கு முன் ஒரே ஒரு சோதனை மட்டும் செய்தேன்: கையுறைப் பெட்டியைக் கழற்றி, டப்பா முனையில் குழாயை உருவி, ஒரு சிறு ரப்பர் அடைப்பானால் மூடி மறுபடி இழுத்தேன். அப்போதும் முள் இறங்கியது. டப்பா நிரபராதி, கசிவு குழாயில்தான். விரலால் தடவிக்கொண்டே வந்தபோது, சுவிட்ச் பக்கம் இருந்த எல்போ என்ற வளைந்த ரப்பர் இணைப்பு வெளியே பார்க்கப் புதிதுபோல் பளபளத்தது. பெருவிரலால் வளைத்ததும் அடிப்பக்கத்தில் தலைமுடி அளவு வெடிப்பு வாய் திறந்தது. அவசரத்தில் குழாய்க் கொத்தைத் திருகிப் பிடுங்கியது நான்தான். மேட்டில் அரை நிமிடத்தில் நழுவிய அந்தக் காற்றுக்கு முழுப் பொறுப்பும் என்னுடையது என்றே தோன்றுகிறது. கெட்டிப்பட்ட பழைய ரப்பரைக் கழற்றும் முன் ஹேர் டிரையரால் சற்றுச் சூடாக்குவதை இப்போது வழக்கமாக்கிக்கொண்டேன்.

எல்போவை மாற்றிய பின் இன்ஜினின் ஐடிலிங் கனத்துக் குமைந்தது. கசிவு வழியாக நுழைந்த உபரிக் காற்றை ஈடுகட்ட, காரணம் தெரியாமலேயே கார்பரேட்டரில் பெட்ரோல் கலவையை முன்பு கூட்டி வைத்திருந்தேன். ஸ்குரூவை அரைச் சுற்று திருப்பியதும் கேஜ் முள் 19இல் நின்றது.

அதே நீண்ட ஏற்றத்தில் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். காற்று கடைசி வளைவு வரை முகத்திலேயே இருந்தது. ஆனாலும் முன்கண்ணாடியின் இடது மூலையில் கை வைத்தால் ஒரு மெல்லிய குளிர் கீற்று இன்னும் படுகிறது. காற்றைத் திருப்பும் கதவின் விளிம்பில் ஒட்டியிருக்கும் பஞ்சு மக்கிவிட்டது என்பதற்குச் சாட்சியாக டேஷ்போர்டின் மேல் தினமும் சில கறுப்புத் துகள்கள் விழுகின்றன. அதைச் சரிசெய்ய டேஷ்போர்டைக் கழற்றியே ஆக வேண்டும். இப்போதைக்குத் துகள்களைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.